கள்ளு, முள்ளு, எள்ளு

"இந்த மாதிரிப் பிள்ளைக்கு ரெண்டு மொழி வேண்டாம், ஒண்ணை விட்டுடுங்க." கேரள-தமிழ்நாட்டு எல்லையில், வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே, சிறப்புத் தேவையுள்ள குழந்தை இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த அறிவுரை எனக்கு முன்னாலேயே போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. சொன்னவர் ஒரு வீட்டில் டாக்டர், இன்னொரு வீட்டில் தெரபிஸ்ட், வேறொரு வீட்டில் நாலு எழுத்துப் படித்த மாமா. எந்த மொழியை விடுவது என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கவும் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி மலையாளம், மெடிக்கல் போர்டு மலையாளம், பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மலையாளம். விட வேண்டியது வீட்டில் பேசும் தமிழைத்தான் என்று எல்லோருக்கும் தானாகவே புரிந்துவிடுகிறது.

நான் சித்தூர் தாலுகாவில் ஸ்பெஷல் எஜுகேட்டர். ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் சிறப்புக் குழந்தைகளைத் தேடிப் பள்ளி பள்ளியாகப் போகிற வேலை. பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போவதும் உண்டு. இந்த அறிவுரையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனால் அது முடிந்தது. அவன் பெயர் இங்கே வேண்டாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். பிறவியிலேயே வருவது, பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் ஏறும். அப்பா தேங்காய் லோடு லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிலுறப்பு என்கிற அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறார். வீட்டில் அம்மாவைப் பெற்ற அம்மாயியும் அப்புச்சியும் இருக்கிறார்கள். அப்புச்சி ஒரு காலத்தில் தென்னை ஏறிக் கள் இறக்கியவர். மேலே சொன்ன அறிவுரை அந்த வீட்டில் அப்படியே அமலுக்கு வந்திருந்தது. பையனை மலையாள மீடியத்தில் சேர்த்தார்கள். அம்மா, தனக்கே பாதிதான் வரும் மலையாளத்தில் அவனிடம் பேசப் பழகினார். "மோனே, வா, சோறு உண்ணாம்" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குச் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார். கதை சொல்வது நின்றது, கொஞ்சுவது குறைந்தது, ஏன், திட்டுவதுகூட ஒற்றை வார்த்தையில் முடிந்தது. பிள்ளையின் காதில் ஒரு நாளைக்கு விழுகிற பேச்சே பாதியாகிவிட்டது. இந்தச் சட்டம் அம்மாயியிடம் மட்டும் செல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்ச பாசையிலதான நான் பேச முடியும்" என்று அவர் பாட்டுக்குத் தமிழிலேயே அவனோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த சிறந்த சிகிச்சை அதுதான் என்பது என் கட்சி.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 2005-ல் கனடாவில் எலிசபெத் கே-ரெயினிங் பேர்டும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள, இரண்டு மொழிகளில் வளரும் குழந்தைகளின் ஆங்கிலத்தை, அதே வளர்ச்சி நிலையிலிருந்த ஒருமொழிக் குழந்தைகளின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டாவது மொழி இருந்ததால் ஆங்கிலம் பின்தங்கியதாகத் தெரியவில்லை. ஆய்வில் இருந்த குழந்தைகள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் நிற்கின்றன. பேச்சு தாமதமாவது டவுன் சிண்ட்ரோமோடு வருவது. அதைத் தமிழின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வாசிப்புக்கு வந்தால் இந்த அறிவுரை இன்னும் மோசம். கஃப், டன்மர் என்ற இரண்டு பேர் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறனையும், கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழ் வீட்டுப் பையன் ஒருவன் மலையாள எழுத்துகளை முக்கி முனகிக் கூட்டினாலும், வந்து சேரும் சொல் அவன் காதில் ஏற்கெனவே இல்லையென்றால் அது வெறும் சத்தம். மற்ற பிள்ளைகள் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு பொருளைத் தேடிக்கொள்வார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைக் கொஞ்ச நேரம் மனத்தில் நிறுத்தி வைப்பதுதான் பெரிய கஷ்டம். கண்ணால் பார்த்தது அவர்களுக்கு அதைவிட நன்றாக நிற்கும்.

கள்ளு

ஒரு நாள் அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி பக்கம் ஜீப்பில் போயிருக்கிறார்கள். பையன் வழியெல்லாம் வெளியே கையை நீட்டி "கய்யு! கய்யு!" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறான். "மானமே போச்சுங்க டீச்சர். ஜீப்புல அத்தன பேரு உக்காந்திருக்காங்க. குடிகாரன் வளத்த புள்ளைன்னுதான நெனைப்பாங்க?" அப்புச்சி மட்டும் பின்னாலிருந்து சிரித்தார். "எம் பேரன் மொதமொதல்ல படிச்சதே நம்ம தொழிலத்தான்" என்றார். இந்தப் பக்கம் சாலையோரக் கள்ளு ஷாப்புப் பலகையைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. வெள்ளைப் பலகையில் கறுப்பு மலையாள எழுத்து, தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரியது. கோபாலபுரம் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது என்று அம்மா சொன்னபோது எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே பலகை கிடையாது. அவன் ஓலைக் கொட்டகையையோ கூட்டத்தையோ பார்த்துச் சொல்லவில்லை, பலகையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான்.

ஆனாலும் பலகையை அடையாளம் கண்டுகொள்வது வேறு, வாசிப்பது வேறு. ஊட்டா ஃப்ரித் 1985-ல் வாசிப்பு வளரும் விதத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படியில் குழந்தை சொல்லை ஒரு படமாக, மொத்தமாகப் பார்க்கிறது. பற்பசை டப்பாவைப் பார்த்ததும் அதன் பெயரைச் சொல்லும் குழந்தை அந்தப் படியில்தான் நிற்கிறது. இரண்டாவது படியில்தான் எழுத்தும் ஒலியும் சேர்கின்றன. இவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க, கோடு போட்ட தாளில் நீலப் பேனாவால் சின்னதாக மலையாளத்தில் சில சீட்டுகள் எழுதினேன். அம்மா, அவன் பெயர், பள்ளிக்கூடம், அப்புறம் அந்தச் சொல். பலகை இல்லை, கறுப்பு இல்லை, பெரிய எழுத்து இல்லை. "அப்புச்சி என்ன எறக்குவாங்க?" என்று கேட்டேன். யோசிக்காமல் அந்தச் சீட்டை எடுத்தான். சரி என்று, அதன் பக்கத்தில் மலையாளத்தில் 'கல்லு' என்று எழுதி வைத்தேன். மலையாளத்தில் இரண்டு சொல்லுக்கும் நடு எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இரண்டையும் கையில் எடுத்து இரண்டையும் என்னிடம் நீட்டினான். அதாவது முதல் எழுத்தும் சொல்லின் உருவமும் அவனுக்குப் பிடிபட்டிருந்தன, உள்ளே இருப்பது இன்னும் கலங்கல்தான். பாதி வாசிப்பு. அந்தப் பாதியை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் சார்ட்டை வைத்துச் சொல்லித் தந்த எதுவும் அவனிடம் நிற்கவுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் கண்ணில் பட்டது மலையாள எழுத்து. வாயில் வந்தது அப்புச்சி வீட்டில் சொல்லும் சொல். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல் அது. எந்த மொழியில் வாசித்தான் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஒண்ணை விட்டுடுங்க" என்று சொன்னவர் இவனிடம் எதை விடச் சொல்வார்?

அவன் "கய்யு" என்று சொன்னதையும் கொஞ்சம் பேச வேண்டும். நாக்கு புரளாததால் ளகரம் யகரமாகிவிடுகிறது. இதைக் கேட்டு "தப்பா வாசிக்கிறான்" என்று எழுதிவைக்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். அது பேச்சின் குறை, வாசிப்பின் குறை இல்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைகளிடம் "வாசி" என்று முதலில் கேட்கக் கூடாது. முதலில் ஒரே மாதிரி இரண்டு சீட்டைப் பொருத்தச் சொல்ல வேண்டும். அடுத்து, சொல்லை நாம் சொல்லி, சீட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். கடைசியாகத்தான் சீட்டைக் காட்டி அவர்களைச் சொல்லச் சொல்வது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத்தில் சூ பக்லி 1980-களிலிருந்து டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளோடு செய்த வேலையில் வளர்ந்த முறை இது. இந்தக் குழந்தைகள் பேசக் கற்று முடித்த பிறகு வாசிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கண்ணால் பார்க்கும் சொல் பேச்சையே இழுத்துக்கொண்டு வரும் என்பது அவருடைய வாதம். சீட்டில் படம் வரையக் கூடாது என்பது நான் சேர்த்துக்கொண்ட விதி. படம் இருந்தால் படத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் காதைப் பரிசோதிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் பலருக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேள்வி மந்தமாக இருக்கும். கண்ணாடியும் பலருக்குத் தேவைப்படும். இதைப் பார்க்காமல் "படிப்பு ஏறல" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

வாயில் உள்ளபடி எழுதலாமா

அதற்கடுத்து அதே சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். கள்ளு. இங்கேதான் என் தமிழாசிரியர் நண்பர் ஒருவரோடு சண்டை. "கள் என்றல்லவா எழுத வேண்டும்? தொடக்கத்திலேயே பேச்சு வழக்கை எழுதிப் பழக்கினால் பிறகு யார் திருத்துவது?" என்றார். அவர் சொல்வது சாதாரணப் பிள்ளைகளுக்குப் பொருந்தலாம், அதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது நமக்கெல்லாம் பழகிப்போனதால் அது எவ்வளவு பெரிய படிக்கட்டு என்று தெரிவதில்லை. பாடப் புத்தகம் 'வருகிறான்' என்கிறது, பிள்ளை 'வர்றான்' என்கிறது. புத்தகம் 'பல்' என்கிறது, பிள்ளை 'பல்லு' என்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்த பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு, 'அட, இது எனக்குத் தெரிந்த சொல்' என்கிற அந்த நொடிதான். காதால் கேட்டதை நிறுத்தி வைக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு, கூட்டி வந்த ஒலியும் வாயில் உள்ள ஒலியும் ஒன்றாக இல்லையென்றால் அந்த நொடி வராமலே போய்விடும்.

நான் பேச்சு உருவத்தையே வைத்துக்கொண்டேன். அதில் எதிர்பாராத லாபம் ஒன்று இருந்தது. கள்ளு, முள்ளு, எள்ளு. முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் சொல் மாறுகிறது. க, மு, எ, ள், ளு ஆகிய ஐந்தே எழுத்தில் மூன்று சொல், மூன்றும் அந்த வீட்டைச் சுற்றி இருப்பவை. அதன் பிறகு கல்லு, பல்லு, புல்லு, நெல்லு. இப்படி எதுகை போட்டு நிற்கும் சொற்களை வைத்துத்தான் ஒரு சொல்லுக்குள் பிரிக்கக்கூடிய ஒலிகள் இருக்கின்றன என்பது பிள்ளைக்குப் பிடிபடும். மொத்த உருவமாகப் பார்ப்பதிலிருந்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பதற்குப் போகிற பாலம் அதுதான். 'கல்லு' சீட்டையும் 'கள்ளு' சீட்டையும் சேர்த்து நீட்டியவன், தரையில் கிடந்த கல்லைக் காட்டி ஒரு சீட்டையும் அப்புச்சியைக் காட்டி இன்னொன்றையும் எடுத்தது இந்தக் கட்டத்தில்தான். அந்த வீட்டில் எழுத்துத் திருத்தம் செய்தவர் அம்மாயி. லகரமா ளகரமா என்பது அவர் வாயில் துல்லியமாக இருக்கும். எழுத்தே தெரியாதவர்.

சார்ட்டில் போட்டிருக்கிற வரிசையில் போயிருந்தால் இது நடந்திருக்காது. அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டு முடியும்வரை, ஆவையும் ஈயையும் விட்டால், வாசிக்க ஒரு சொல் கிடையாது. பிறகு பதினெட்டு, பிறகு இருநூற்றுப் பதினாறு. 247 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது நம் ஊரில் ஒரு பெருமை. உண்மையில் உயிர்மெய்யில் பெரும்பகுதி ஒழுங்கானது, சில குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். தொல்லை தருவன சில. ெ, ே, ை மூன்றும் ஒலியில் பின்னால் வந்து எழுத்தில் முன்னால் நிற்பவை. இடமிருந்து வலமாகப் பார்க்கும் பிள்ளை முதலில் கொம்பில் முட்டிக்கொள்கிறது. துணைக்காலும் ரகரமும் ஒரு சின்ன சாய்கோட்டில்தான் வேறுபடுகின்றன. 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் நடுவே உள்ளது ஒரு புள்ளி வைத்த எழுத்து. இதையெல்லாம்விட உகர வரிசை. பு கீழே கோடு இழுக்கிறது, முவும் ளுவும் வளைந்து சுற்றுகின்றன, லு வேறு பக்கம் போகிறது. வா.செ. குழந்தைசாமி போன்ற எழுத்துச் சீர்திருத்தக்காரர்கள் உகரத்துக்கு ஒன்று, ஊகாரத்துக்கு ஒன்று என்று எல்லா எழுத்துக்கும் பொதுவான குறி வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 1978 சீர்திருத்தம் ணை, லை, றா, னா முதலியவற்றைத் தொட்டதோடு நின்றது. மலையாளத்தில் 1971 சீர்திருத்தம் உ, ஊ குறிகளைத் தனியே பிரித்தது. அந்த விவாதத்தில் பக்கம் சேர்கிற ஆள் நானில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு உகர வரிசையைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் தருகிறேன். ளு, மு, கு, டு ஒரு நாள். பு, சு, வு இன்னொரு நாள். து, நு, லு, று வெகு நாள் கழித்து. கள்ளு, முள்ளு முதலில் வந்தது இந்த வகையிலும் அதிர்ஷ்டம், ளுவும் முவும் ஒரே கூட்டம்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோரை வாட்டுவது அதுதான். சோனாலி நாக் 2007-ல் கன்னடக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கே அந்த எழுத்துகள் முழுதாகப் பிடிபடத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டினார். நம் எழுத்தும் அதே குடும்பம். இருபத்தாறு எழுத்துள்ள ஆங்கிலத்தின் காலக்கெடுவை நம் பிள்ளைகள் தலையில் வைக்க முடியாது, இந்தப் பிள்ளைகள் தலையில் சுத்தமாக முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, 2022-ல் அங்கே தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பதைப் பெருமையாகச் சொல்வாள். வயசைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அரும்பிலேயே சில வருஷம் இருக்கப் போகிற பிள்ளைக்கு அந்தச் சில வருஷமும் வாசிக்க என்ன கொடுக்கிறோம் என்று கேட்டால் அவளும் யோசிக்கிறாள்.

இதற்கு நடுவில் அம்மா என்னிடம் கேட்டார். "பள்ளிக்கூடத்துல மலையாளம், நீங்க தமிழு. தாங்குவானாங்க டீச்சர்?" அவன் வீட்டிலேயே இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவை அவன் மலையாளத்தில் "சேச்சி" என்றுதான் கூப்பிடுவான். தமிழ் எழுத்தில் 'சேச்சி' என்று ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன். தமிழாசிரியர் நண்பர் இதைப் பார்த்தால் இன்னொரு சண்டை நிச்சயம். அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எழுத்துக் கூட்டுவதை முதலில் ஒரு எழுத்தில் பழகட்டும், அது அவன் காதில் அதிகம் விழும் மொழியின் எழுத்தாக இருக்கட்டும். மலையாளத்தில் கண்ணால் தெரிந்த சொற்கள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகட்டும், யாரும் தடுக்க வேண்டாம். வீட்டில் வாய்க்கு வந்த மொழியில் நிறையப் பேசுங்கள். அடுத்த வருஷம் அவனைத் தமிழில் பாடம் நடக்கும் தமிழ் டிவிஷனுக்கு மாற்றினார்கள். இந்தப் பகுதியில் தமிழ் டிவிஷன் இருப்பது யாரும் போட்ட பிச்சை இல்லை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350ஏ பிரிவு சொல்கிறது. அதில் 'சிறப்புக் குழந்தைகள் நீங்கலாக' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு இன்னும் தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. பேச்சு உருவத்தை எதுவரை எழுதுவது? 'பல்லு' என்பதில் தப்பில்லை. 'வர்றான்', 'போறாங்க' என்று வாக்கியமாகப் போகும்போது, புத்தகத்துக்கும் இவனுக்கும் நடுவே நானே ஒரு மதில் கட்டுகிறேனோ என்று தோன்றும். இப்போது செய்வது ஒரு நடுவழி. பெயர்ச்சொல்லைப் பேச்சில் எழுதுகிறேன், வினைச்சொல்லை ஒரு பக்கம் பேச்சிலும் மறுபக்கம் புத்தகத்திலும் இருப்பதுபோல் எழுதிச் சீட்டைத் திருப்பிக் காட்டுகிறேன். சில பிள்ளைகள் சீட்டைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் ஒரு பக்கத்தோடு நிற்பார்கள். நிற்பவர்களையும் வாசிப்பவர்கள் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். பஸ் பலகையும் மருந்துச் சீட்டில் தன் பெயரும் கடைப் பலகையும் வாசிக்கிற ஒருவனை வாசிக்கத் தெரியாதவன் என்று எழுத என் கை வராது.

இந்த வருஷ மதிப்பீட்டுப் படிவத்தில் 'வாசிக்கும் மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ், மலையாளம் என்று இரண்டையும் எழுதி அனுப்பினேன். ஏதாவது ஒன்றை மட்டும் குறிப்பிடவும் என்று திரும்பி வந்தது. கட்டத்தில் கை வைக்காமல், அவன் பிரித்து எடுத்த சீட்டுகளின் ஜெராக்ஸை இரண்டு எழுத்திலும் இணைத்து அப்படியே மறுபடி அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் திரும்பவில்லை.